அக்காளின் இரண்டாவது பட்டை

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டுமே புழங்கி வந்தது. மருத்துவமனையின் ஐந்து மாடிகளிலும் அவரைச் ‘சரிங்க’ என்றே அறிவார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வெளிப்படும் சொல் அதுவே ஆதலால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் அதையே உண்மைப் பெயர் என்று நம்பி, ‘திரு. சரிங்க அவர்களுக்கு’ என்று கடிதம் எழுதிவிட்டார். அதையும் இவர், "சரிங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

உள்நோயாளியாகச் சேர வருகிறவரின் பெயர், வயது, பால், பதிவெண் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து, மணிக்கட்டில் கட்டும் வெள்ளைப் பட்டை ஒன்றையும், இரத்த மாதிரிக் குழாய் முதல் சோதனைப் புட்டி வரையில் ஒட்டுவதற்கான சீட்டுகளையும் அச்சிட்டுக் கொடுப்பது அவருடைய பணி. பட்டையை ஊழியர்கள் ‘டேக்’ என்பார்கள். அதில் கோடு கோடாக ஒரு பார்கோடு இருக்கும். செவிலியர் கையிலுள்ள ஸ்கேனரை அதன்மேல் காட்டினால் ‘கீச்’ என்று ஒலித்துப் பச்சை விளக்கு எரியும். இன்னார்தாம் இவர் என்பது அதன் பொருள். அதற்குப் பிறகே ஊசி, மாத்திரை, கத்தி எல்லாம்.

தம் வேலையில் அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். காலை ஏழே முக்காலுக்கு வந்து, அச்சுப்பொறியின் தலையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார். பிறகு ஒரு பட்டையை வெள்ளோட்டமாக அச்சிட்டு, சூடு ஆறுமுன் கட்டை விரலால் தேய்த்து, மை கலைகிறதா என்று பார்ப்பார். நோயாளியிடம் பெயரை மூன்று முறை கேட்பார். மூன்றாம் முறை கண்களை மூடிக்கொண்டு கேட்பார். இவ்வாறு மும்முறை கேட்கப்பட்ட ஒருவர் தம் பெயர்மீதே ஐயங்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துச் சொன்னதும் உண்டு.

இத்தனை கவனமுள்ளவருக்கும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு பட்டைதான் என்பது விதி. பட்டை நைந்தாலோ நனைந்தாலோ பழையதை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்த பின்னரே புதியதை அச்சிட வேண்டும். அறுத்தவற்றைப் போடுவதற்கென்று அவர் மேசையில் ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. அதில் தொண்டைக்கு இதமான மிட்டாய்களை வைத்திருந்தார்; ஏனெனில் அறுத்த பட்டையை யாரும் கொண்டுவந்ததே இல்லை. "சரிங்க அண்ணே, இந்த டேக் இன்னொண்ணு போட்டு அனுப்புங்களேன்" என்று வார்டிலிருந்து தொலைபேசி வரும். இவரும் வழக்கமான சொல்லைச் சொல்லி அச்சிட்டு அனுப்பிவிடுவார். அந்த இரண்டாவது பட்டையைச் செவிலியர் கட்டில் கம்பியில் கட்டி வைப்பார்கள். உறங்குகிறவரை எழுப்பிக் கையைத் தேடிப்பிடித்து ஸ்கேனரைக் காட்டுவதைவிட, கம்பியில் காட்டிவிட்டுப் போவது எளிது. கம்பி சிடுசிடுக்காது.

"உங்க வாயில இருந்த ‘முடியாது’ங்கற வார்த்தையை உங்க அக்கா சின்ன வயசுலயே பிடுங்கி வச்சுக்கிட்டாங்க" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதற்கும் அவர் என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்த அக்காள் முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது பேர் நிற்க வேண்டிய இடத்தில் எழுபது பேரை நிற்க வைத்த குரல் அவருடையது. அக்குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருடைய கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் ஒற்றைக் கண்ணாடி வழியே பற்சக்கரங்களைப் பார்த்துப் பழகியதாலோ, வீட்டில் பேசுவதற்கு இடம் கிடைக்காததாலோ, அவர் வாய் திறப்பதே அரிது. மேலுதட்டை முழுதும் மறைக்கும் அடர்ந்த மீசை வேறு; திறந்தாலும் தெரியாது.

அக்காளுக்குப் பித்தப்பையில் கல். அதை அகற்றுவதென்று முடிவாகி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கணவரோடு வந்து தம்பியின் கவுண்டர் முன்னே அமர்ந்தார். சொந்தத் தமக்கையிடமும் சரிங்க பெயரை மூன்று முறை கேட்டார். பட்டை அச்சாகி வெளியே வந்தது. அக்காள் அதை வாங்கிப் படித்தார், முகம் கறுத்தது.

"என்னடா இது, வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே?"

"உன் வயசு அதுதானேக்கா."

"அது எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதாதா? தெருவுல எல்லார்கிட்டயும் அம்பத்தேழுன்னு சொல்லி வச்சிருக்கேன். கையில கட்டிக்கிட்டு அலையறதுக்கு இது என்ன விளம்பரப் பலகையா?"

வயதை மாற்ற இயலாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சரிங்க தலையைச் சொறிந்தார். இறுதியில், வயது அச்சிட்ட பக்கம் உள்ளங்கைப் பக்கமாக வருமாறு கட்டிவிடுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த அரை மணியில் வார்டிலிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணே, உங்க அக்கா ஸ்கேன் பண்ண கையையே குடுக்க மாட்டேங்கறாங்க. வயசைப் படிச்சுடுவேனாம். கம்பிக்கு ஒண்ணு போட்டு அனுப்பிடுங்க" என்றார் செவிலியர். சரிங்க சரியென்றார். இரண்டாவது பட்டை மாடிக்குச் சென்று, கட்டில் கம்பியில் தொங்கிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இங்கேதான் தொடங்குகிறது.

மறுநாள் காலை ஒன்பதரை மணி. கவுண்டர் முன்னே எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவ்வரிசையைச் சட்டை செய்யாமல் நேரே வந்து நின்றார் அக்காள். உடுத்தியிருந்தது புடவை; தோளில் கைப்பை. பதினொரு மணிக்கு அறுவைச் சிகிச்சை ஆக வேண்டியவர் கடைத்தெருவுக்குப் புறப்பட்டவர்போல் நிற்கக் கண்ட சரிங்க, எழுந்தே விட்டார்.

மூன்றாவது மாடியில் தங்கள் தெருப்பெண் ஒருத்தி குழந்தை பெற்றிருக்கிறாள் என்றும், பிள்ளையின் மூக்கு யாருடையது என்பதில் இரு வீட்டாருக்கும் வழக்கு நடக்கிறது என்றும், தாம் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டதாகவும் அக்காள் விளக்கினார். பார்த்துவிட்டும் வந்தாயிற்றாம். மூக்கு இரு வீட்டாருடையதும் இல்லையாம்.

"கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொன்னாங்களேக்கா?"

"கட்டில் காலியா இருந்தா முறை அடுத்த ஆளுக்குப் போயிடும்னு சொன்னாங்க. அதான் உங்க மாமாவைப் படுக்க வச்சிட்டு வந்திருக்கேன்."

பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, கணவரைப் போட்டு இடம் பிடித்திருந்தார் அக்காள். அத்துடன் நின்றதா? அறுவைச் சிகிச்சைக்கென்று கொடுத்த கவுன் முதுகுப்பக்கம் திறந்தது. அதை மாட்டிக்கொண்டு மூன்றாவது மாடி வரையில் போக முடியாதென்று, அதைக் கணவருக்கு அணிவித்துவிட்டார். தலைக்கு உரிய தொப்பியையும் மாட்டினார். கட்டிலில் இருப்பவர் கையில் பட்டை இல்லையே என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கம்பியில் தொங்கியதை அவிழ்த்து அவர் மணிக்கட்டில் கட்டியும்விட்டார். எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை.

"வேற எதுவும் பேசாதீங்க, பேஷண்டைப் பத்தி யாராவது கேட்டா மட்டும் பிசகாம பதில் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப கம்பி சும்மா இருக்கு. அதுக்கு இன்னொண்ணு போட்டுக் குடு."

"சரிக்கா" என்று நாக்கு முந்திக்கொண்டது. சரிங்க அக்காளின் பதிவைத் திறப்பதற்காகக் கணினியில் கை வைத்தார். அவர் எதையும் அழுத்துவதற்கு முன்பே, அச்சுப்பொறி தானாகவே ஓடத் தொடங்கிற்று.

நான்காம் மாடியில் இருந்த அறுவை அரங்கின் அச்சுப்பொறிக்குச் செல்லும் கம்பியை எலி கடித்து இரண்டு நாளாயிற்று. அது சீராகும் வரையில் அரங்கத்துச் சீட்டுகள் யாவும் சரிங்கவின் மேசையில் அச்சாகி, ஊழியர் ஒருவர் எடுத்துச்செல்வது என்று ஏற்பாடு. நோயாளி அரங்கின் வாயிலைக் கடந்து, அங்கே அவர் பட்டை ஸ்கேன் ஆனதும், இங்கே சீட்டு வரும். இப்போது வந்த சீட்டைச் சரிங்க வழக்கம்போல் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். மை கலையவில்லை. அக்காளின் பெயர், அக்காளின் பதிவெண், அதன் கீழே: ‘மாதிரி: பித்தப்பை’.

அக்காள் எட்டிப் படித்தார். "என்னடா அது?"

"எடுத்த பித்தப்பையைப் போட்டு வைக்கற புட்டியில ஒட்டற சீட்டு."

"யாரோட பித்தப்பை?"

"உன்னோடதுக்கா."

அக்காள் வலப்பக்க விலாவின் கீழே மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்னோடது என்கிட்டயேதான் இருக்கு."

சரிங்க கணினித் திரையைப் பார்த்தார். ‘நோயாளி இருக்குமிடம்: அறுவை அரங்கம்’ என்று அது அடித்துச் சொல்லிற்று. நிமிர்ந்து பார்த்தார், நோயாளி கைப்பையோடு எதிரே நின்றார். இப்படியும் அப்படியுமாக இரண்டு முறை பார்த்தார்.

"மாமா" என்றார்.

மின்தூக்கி என்பது அவசரமுள்ளவர்களைச் சோதிப்பதற்கென்றே படைக்கப்பட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்றது. முதல் மாடியில் ஏற முயன்ற ஒரு குடும்பத்தை, "ஏறாதீங்க, வண்டி எங்கேயும் நிக்காது, பின்னாலயே காலியா ஒண்ணு வருது" என்று அக்காள் இறக்கிவிட்டார். இரண்டாம் மாடியில் சக்கர நாற்காலியோடு வந்தவரிடமும் அவ்வாறே. அவர்கள் ஏன் கீழ்ப்படிந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. சரிங்கவோ அச்சீட்டைக் கையில் பிடித்தபடி, தாம் அச்சிட்ட பட்டை ஒன்று ஒரு நல்ல மனிதரின் வயிற்றைத் திறக்கப் போகிறதே என்று எண்ணி எண்ணி வியர்த்துக்கொண்டிருந்தார்.

வார்டில் நடந்தது இதுவென்பது பின்னர்த்தான் தெரிந்தது. அன்று முதலில் அறுவைக்குச் செல்ல வேண்டியவர், பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தும் கழிப்பறையில் ஒளிந்து இரண்டு பன் தின்றுவிட்டார். அவரைத் தள்ளி வைத்து, அக்காளின் முறையை முன்னே கொண்டுவந்தார்கள். முந்தைய நாள் அக்காளைக் கண்ட செவிலியர் பணி முடிந்து போய்விட்டார், புதிதாகப் பணியேற்றவர் ஸ்கேனரைக் காட்டினார், கீச் என்றது, பச்சை எரிந்தது. பச்சை எரிந்த பின் முகத்தைப் பார்ப்பவர் யார்? முகமும் வெளியில் இல்லை. குளிர் தாங்காமல் கடிகாரக்காரர் போர்வையை மூக்கு வரையில் இழுத்துவிட்டிருந்தார். தம்மைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது, நோயாளியின் துணைக்கு வந்தவர்களையும் இத்தனை மரியாதையாகக் கையெழுத்துப் போட அழைத்துச்செல்கிறார்களே என்று அவர் உள்ளூர வியந்தாராம்.

அரங்க வாயிலில் மயக்க மருத்துவர் முறைப்படி எல்லாக் கேள்விகளையும் கேட்டார். பட்டை ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காகவே ஏற்பட்ட கேள்விகள் அவை. "பேஷண்ட் பேர் சொல்லுங்க" என்றார். கடிகாரக்காரர் போர்வைக்குள்ளிருந்து மனைவியின் பெயரைச் சொன்னார். பிறந்த தேதியைத் தடங்கலின்றிச் சொன்னார். மணமான புதிதில் ஒருமுறை அதை மறந்துபோய் அவர் பட்ட பாடு அப்படிப்பட்டது. என்ன அறுவை என்றதற்குப் பித்தப்பை என்றார். இரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படவில்லை என்றார். வேறு உபாதை உண்டா என்றதற்கு, "சர்க்கரை கொஞ்சம். கோபம் ஜாஸ்தி" என்றார். எல்லா விடைகளும் முற்றிலும் சரி. மருத்துவர் சர்க்கரையை மட்டும் குறித்துக்கொண்டு, வண்டியை உள்ளே தள்ளச் சொன்னார்.

சரிங்கவும் அக்காளும் நான்காம் மாடியை அடைந்தபோது அரங்கின் கதவு மூடியிருந்தது. வெளியே இருந்த செவிலியர், மூச்சிரைக்க வந்தவரை ஏற இறங்கப் பார்த்து, "இங்க இப்படியெல்லாம் ஓடி வரக் கூடாது சார். அந்தப் பெஞ்சுல உக்காருங்க" என்றார்.

"சரிங்க" என்று சொல்லி, சரிங்க உட்கார்ந்தும் விட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கதவுக்கு அப்பால் மாமா. இப்பால் தாம், பெஞ்சில், பணிவாக. கையில் பித்தப்பைக்குரிய சீட்டு. எழுந்து நின்றார். வாழ்நாளில் சொல்லிப் பழகாத ஒன்றைச் சொல்வதற்கு நாக்கு சிறிது நேரம் தடுமாறிற்று.

"இல்லீங்க" என்றார். "உக்கார மாட்டேன். உள்ள இருக்கறது அவங்க இல்ல."

"ஸ்கேன் பண்ணித்தானே அனுப்பினோம். பச்சை காட்டிச்சே."

"பச்சை காட்டும். அதை அச்சடிச்சவன் நான்தான். இவங்களையும் ஸ்கேன் பண்ணிப் பாருங்க."

அக்காள் கையை நீட்டினார். வயது தெரிவதைப்பற்றி அப்போது அவர் கவலைப்படவில்லை. கீச். பச்சை. செவிலியர் மறுபடியும் காட்டினார். கீச். பச்சை. அவர் ஸ்கேனரைப் பார்த்தார்; அக்காளைப் பார்த்தார்; மூடிய கதவைப் பார்த்தார். பிறகு அவரே ஓடினார். இப்படியெல்லாம் ஓடக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

உள்ளே, மூக்கில் முகமூடியைப் பொருத்துவதற்காக மருத்துவர் போர்வையை அப்போதுதான் கீழே இறக்கியிருந்தார். கீழிருந்து உதித்த மீசையைக் கண்டு, முகமூடி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த உதவியாளர் பதிவைப் பார்த்து, "பால், பெண்ணுன்னுதான் டாக்டர் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "ஹார்மோன் கோளாறா இருக்குமோ" என்று இன்னொருவர் முணுமுணுத்தார். அந்நேரத்தில் கதவு திறந்தது. கடிகாரக்காரர் தலையைத் திருப்பி மனைவியைக் கண்டார், முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா?" என்றார். "உன் இடத்தைப் பத்திரமா பாத்துக்கிட்டேன்."

முப்பதாண்டுக் காலம் எழுபது பேரை அதட்டிய அக்காள், வாயிலிலேயே நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தவர்கள் ஆறு பேர். அவ்வறுவரும் பின்னர் அதைப் பற்றிப் பேசத் துணியவில்லை.

நண்பகலில் உரியவருக்கு உரிய அறுவை நடந்து, சீட்டு உரிய புட்டியில் ஒட்டப்பட்டது. மாலையில் செவிலியர் கண்காணிப்பாளர் சரிங்கவின் கவுண்டருக்கு வந்தார். ஐந்து மாடிகளிலும் கட்டில் கட்டிலாகச் சென்று அறுத்துச் சேர்த்த பட்டைகளை மேசைமேல் கொட்டினார். நாற்பத்து மூன்று இருந்தன. கம்பிகளில் கட்டியவை பல; குளுக்கோஸ் கம்பத்தில் சில; வெந்நீர்க் குடுவையின் பிடியில் ஒன்று; ஒரு செவிலியரின் பேனாவில் ஒன்று. கண்காணிப்பாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சரிங்க என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே.

"இதுல ஆள் எது?"

கண்காணிப்பாளர் போன பிறகு, சரிங்க தனியே அமர்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேனரில் காட்டினார். நாற்பத்து மூன்றும் பச்சை காட்டின. ஒரு பட்டைக்கு உரியவர் மூன்று நாள் முன்னரே வீட்டுக்குப் போய்விட்டவர்; ஆயினும் அன்று காலை எட்டு மணிக்குக்கூட அவருக்குக் காய்ச்சல் இல்லை என்று கணினியில் பதிவாகியிருந்தது. வெந்நீர்க் குடுவை வேளை தவறாமல் இரத்த அழுத்த மாத்திரை உட்கொண்டு வந்திருந்தது. இவற்றைப் படிக்கையில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுபோயிற்று.

மறுநாள் வார்டுக்குச் சென்றார். அக்காள் தலையணையில் சாய்ந்தபடி, அடுத்த கட்டில்காரர் போர்வை மடிக்கும் முறையைத் திருத்திக்கொண்டிருந்தார். கடிகாரக்காரர் பக்கத்து நாற்காலியில், சொந்தச் சட்டையில் அமர்ந்திருந்தார். அந்த நாற்காலியை விட்டு எழுவதேயில்லை என்று அவர் தமக்குள் தீர்மானித்திருந்தது பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி, வா. என் டேக்கு இன்னொண்ணு போட்டுக் குடுடா. வீட்டுக்குப் பாக்க வர்றவங்ககிட்டக் காட்டணும். வயசை மட்டும் அம்பத்தேழாக்கிடு. சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தானே" என்றார் அக்காள்.

‘ச’ என்ற எழுத்து அவர் பல்லின் பின்னே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார். அக்காளின் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். மாமாவின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"முடியாதுக்கா."

அக்காள் தம் செவிப்புலனில் ஏதோ பழுது என்று எண்ணியவர்போல் கணவரைத் திரும்பிப் பார்த்தார். கடிகாரக்காரர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையின் இரு நுனிகளும் சற்றே மேலெழுந்தன.

சரிங்க கவுண்டருக்குத் திரும்பினார். தகரப் பெட்டியைத் திறந்து மிட்டாய்களை மேசை இழுப்பறைக்குள் கொட்டினார். பெட்டியைத் துடைத்து, அச்சுப்பொறியின் அருகே மூடியைத் திறந்து வைத்தார். தொலைபேசி மணி அடித்தது. இரண்டாம் மாடி, பன்னிரண்டாம் கட்டில், டேக் இன்னொண்ணு.

"பழசை அறுத்துக் கொண்டு வாங்க" என்றார் அவர். "வந்து சேர்ந்த பிறகுதான் புதுசு போடுவேன்."